படியளப்பவன் வைத்த அளவு

நெல் பூக்கும் நேரத்தில் அதை நின்று பார்த்தவர்கள் நம்மில் குறைவு. மூன்று வேளையும் சோறு உண்ணும் தஞ்சாவூர்ச் சீமையிலேயே அப்படித்தான். வண்டை அழைக்கும் நிறம் அதற்கு இல்லை, தேன் இல்லை, தலையில் சூடிக்கொள்ளும் அழகும் இல்லை. திருவையாற்றைச் சுற்றியுள்ள வயல்களில் கதிர் வெளிவந்த ஓரிரு நாளில், காலை ஒன்பது மணிக்கு மேல் வரப்பில் குந்தி, முகத்தைக் கதிருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தால் அந்தக் காட்சி கிடைக்கும்.

பின்னால் நெல்மணியாகப் போகிற பச்சைக் கூடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு உமி மடல்கள். மடல்களின் அடியில், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இரண்டு சிறு செதில்கள் இருக்கின்றன. வேளை வந்ததும் அவை நீரை உறிஞ்சிப் பொருமுகின்றன. அந்தப் பொருமலில் மடல்கள் மெல்லப் பிரிகின்றன. உள்ளேயிருந்து ஆறு மகரந்தக் காம்புகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டு வெளியே தொங்குகின்றன. நடுவில் இறகாய்ப் பிரிந்த இரண்டு சூல்முடிகள். இளம் மஞ்சள் தூள் உதிர்கிறது. உதிர்ந்த தூளுக்கு உயிர் சில நிமிடம்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் செதில்கள் சுருங்கி, மடல்கள் மூடிக்கொள்கின்றன. அதன் பிறகு அவை திறப்பதே இல்லை.

ஒரு கதிரில் நூறு, நூற்றைம்பது பூக்கள். உச்சியில் தொடங்கிக் கீழ் நோக்கி ஒரு வாரத்தில் பூத்து முடிக்கின்றன. ஒவ்வொரு பூவுக்கும் அதன் ஆயுளில் வாய்ப்பது அந்த ஒரு மணி நேரம் மட்டும். அதற்குள் சூல் பிடித்தால் நெல், பிடிக்காவிட்டால் பதர். நம் இலையில் விழும் ஒவ்வொரு பருக்கையும் இப்படி ஒரு காலைப்பொழுதைக் கடந்து வந்ததுதான். உச்சி வெயில் ஏறும் முன் பூத்து முடித்துவிடு என்று ஒரு புல்லுக்குச் சொல்லி அனுப்பியவனை நினைத்தால், எனக்கு ஐயாறப்பர் சந்நிதியில் நிற்பதற்கும் அந்த வரப்பில் குந்துவதற்கும் வித்தியாசம் தெரிவதில்லை. கயிலாயத்தைத் தேடி வடக்கே போய் உடல் தேய்ந்த அப்பருக்கு இறைவன் கயிலைக் காட்சி தந்த ஊர் இது. அவர் இங்கே கண்டதும் பெண் யானையோடு வந்த ஆண் யானையும், பேடையோடு வந்த சேவலுமாக உயிர்களைத்தான்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. பூ திறந்திருக்கும்போது வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் மகரந்தப் பைகள் சரியாக வெடிப்பதில்லை. உதிர்ந்த தூளும் சூல்முடியில் முளைப்பதில்லை. எட்ட நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பயிர் பச்சையாக இருக்கும், கதிர் நிமிர்ந்து நிற்கும். அது நிமிர்ந்தே நிற்பதுதான் விவரம் தெரிந்தவர்களின் வயிற்றைக் கலக்கும். பால் பிடித்து முற்றும் கதிர் தலை சாய்ந்துவிடும், பதர் சாயாது. சம்பா கார்த்திகை, மார்கழியில் மூட்டத்துக்கு நடுவே பூப்பதால் அதற்கு இந்தக் கவலை குறைவு. குறுவைக்கு ஆவணி, புரட்டாசி. வெயில் தணியாத மாதங்கள். வயலில் நிற்கும் தண்ணீரும், இலைகள் விடும் ஆவியும் சேர்ந்து பூவைச் சுற்றியுள்ள காற்றைச் சற்றுக் குளிர வைத்திருக்கின்றன. நடுப்பகலில் தார்ச் சாலையிலிருந்து இறங்கி நடவு வயலுக்குள் போகிற எவருக்கும் அந்தக் குளுமை உடம்பில் படும். எல்லைக்கு உள்ளே நிற்பதற்கு நெல் தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

பகலைவிட இரவின் சூடு இன்னும் மறைவாக வேலை செய்கிறது. வெயிலில் சேர்த்த மாவுச்சத்தில் ஒரு பங்கை இரவில் மூச்சுவிட்டே பயிர் செலவழிக்கும். புழுக்கமான இரவில் செலவு கூடும். கதிருக்குப் போக வேண்டியது காற்றோடு போய்விடும். பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணையின் விளைச்சலையும், 1979 முதல் 2003 வரை பதிந்து வைத்த வெப்பநிலையையும் ஒப்பிட்டு 2004இல் ஒரு முடிவை வெளியிட்டது. சாகுபடிக் காலத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைகிறது என்பது அந்த முடிவு. ஒரு டிகிரி என்பதை நம் தோல் உணர்வதுகூட இல்லை.

அந்த ஒரு டிகிரி எங்கிருந்து வருகிறது என்பதற்கும் நம் ஊர் இரவே சாட்சி. மார்கழியில் வானம் பளிச்சென்று நட்சத்திரமாக இருந்தால் விடியற்காலையில் பனி கொட்டும். காவிரிப் படித்துறையில் கால் வைக்க முடியாது. அதே மார்கழியில் வானம் மூட்டமாக இருந்தால் அன்றைக்குப் பனி இல்லை, புழுக்கம்தான். நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்குத் திருப்பி விடுகிறது. மேகமும் நீராவியும் குறுக்கே இருந்தால் அதில் ஒரு பகுதியை வாங்கித் தரைக்கே அனுப்பிவிடுகின்றன. கரியமில வாயு செய்வதும் இதே வேலைதான். மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவு பகல் பாராமல், உலகம் முழுவதும் அது இதைச் செய்கிறது.

இதைக் கெட்ட வேலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நாம் உயிரோடு இருப்பதே அதனால்தான். காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும். பூமியின் வெப்பக் கதிரை அவை தடுப்பதில்லை. வந்த வழியே போக விட்டுவிடும். அவை மட்டும் இருந்தால் பூமியின் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. காவிரி உறைந்த பாறையாகக் கிடந்திருக்கும். நீராவியும், கரியமில வாயுவும், இன்னும் ஒன்றிரண்டு வாயுக்களும் சேர்ந்து அதை 15 டிகிரியில் நிறுத்தி வைத்திருக்கின்றன. இதில் கரியமில வாயுவின் பங்கு எவ்வளவு தெரியுமா? காற்றின் பத்தாயிரம் மூலக்கூறுகளில் மூன்றுக்கும் குறைவு. அந்த மூன்றுக்குள்தான் குறுவையும் சம்பாவும், குயிலும் மீனும், நாமும். எறும்பு முதல் யானை வரை படியளப்பவன் என்று ஆண்டவனைச் சொல்கிறோமே, அவன் அளந்து வைத்தவற்றில் இதைவிட நுட்பமான அளவு ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்று அது நான்கைத் தாண்டிவிட்டது.

தாண்டிய கதையின் தொடக்கம் தியாகராஜ சுவாமிகளின் காலத்தில் இருக்கிறது. அவர் பிறந்தது 1767. இரண்டு ஆண்டு கழித்து, 1769இல், இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சுவாமிகள் உஞ்சவிருத்தி எடுத்து நடந்த திருவையாற்றுத் தெருக்களில் பத்தாயிரத்துக்கு 2.8 என்ற பழைய அளவுக் காற்றுதான் வீசிற்று. அவர் 1847இல் சித்தியடைந்தபோதும் அது பெரிதாக மாறவில்லை. பூமி எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று கணக்கிட விஞ்ஞானிகள் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் காலம் 1850 முதல் 1900 வரை. அவர் சமாதிக்கு மூன்றே ஆண்டு பிந்தித் தொடங்குகிறது. ஒவ்வொரு ஆண்டும் புஷ்ய பகுள பஞ்சமி அன்று அந்தச் சமாதிக்கு முன் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலாகப் பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். பாட்டு அன்றிருந்தபடியே வந்து சேர்ந்திருக்கிறது. பாடுகிறவர்கள் இழுக்கும் மூச்சில் மட்டும் மூன்றுக்குப் பதிலாக நான்கு.

1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு நிறைத்த குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறவும் நெடுநேரம் பிடித்தது. 1859இல் லண்டனில் ஜான் டிண்டால் வெப்பக் கதிரை எந்த வாயு எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து காட்டினார். 1896இல் சுவீடனின் ஸ்வாண்டே அர்ரீனியஸ், நிலக்கரி எரித்து எரித்து இந்த வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கே போட்டுவிட்டார். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல நமக்கு வழியில்லை. 2024ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய அந்த அடிப்படையைவிட ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடுதலாகச் சூடேறிய ஆண்டாக முடிந்தது. இந்தியாவில் 1901 முதல் 2018 வரை கூடியது சுமார் 0.7 டிகிரி. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951க்கும் 2015க்கும் இடையில் மட்டும் ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது. இந்தக் கடைசிக் கணக்குதான் நம் வயலுக்கு மிக அருகில் இருப்பது. ஏனென்றால் நம் மழை அங்கிருந்து வருகிறது.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்தில் வருகிறவர்கள் வழியில் ஐந்து பாலங்களைக் கடக்கிறார்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. எல்லாம் ஒரே தண்ணீரின் பிரிவுகள். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, ஏமாவதி, கபினி, பவானி, அமராவதி என்று வழியெல்லாம் துணை சேர்த்துக்கொண்டு வரும் ஆறு, கரிகாலன் கட்டிய கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. பிரிந்தவை மறுபடி பிரிகின்றன. ஒரு மோட்டார் இல்லாமல், நிலத்தின் சரிவை மட்டும் நம்பி, கல்லணையிலிருந்து கடைமடை வரை தண்ணீர் தானாகப் போய்ச் சேருகிறது. ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மலையைக் கரைத்துக் கொண்டுவந்து பரப்பிய மண் இது. திருச்சோற்றுத்துறை என்று ஒரு தலத்துக்குப் பெயர் வைக்கும் துணிவு இந்த மண்ணில் இருந்தவர்களுக்குத்தான் வரும்.

இதைவிடப் பெரிய வியப்பு வானத்தில் இருக்கிறது. ஆனி, ஆடியில் தஞ்சையில் வெயில் காய்கிறது; நாற்றங்காலுக்கு ஒரு சொட்டு மழை இராது. அதே மாதங்களில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் குடகிலும் வயநாட்டிலும் கொட்டுகிறது. எங்கோ பெய்த மழை மேட்டூரில் சேர்கிறது. 1934இல் கட்டி முடித்த அந்த அணையின் 120 அடி நீர்மட்டம் தஞ்சை வீடுகளில் தினமும் பேசப்படும் எண். வழக்கப்படி ஜூன் 12இல் மதகு திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்து வணங்குவது, வேற்று மண்ணில் பெய்து இங்கே வந்து சேர்ந்த அந்தத் தண்ணீரைத்தான். ஆவணி, புரட்டாசியோடு அங்கே மழை ஓய்கிறது. ஆறு மெலியத் தொடங்கும் வேளையில் காற்று திசை திரும்புகிறது. ஐப்பசியில் வங்கக்கடலிலிருந்து வடகிழக்குப் பருவம் இறங்கி வயல்மேலேயே பெய்கிறது. ஆற்று நீரில் நட்ட சம்பா வான நீரில் வளர்கிறது. மார்கழியில் மழை விடைபெற்று, பனி இறங்கி, கதிர் முற்றி, தையில் அறுப்பு. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் சம்பாவுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். தரையில் மிச்சமிருக்கும் ஈரமும், தை, மாசிப் பனியும் போதும். மழையே இல்லாமல் அது விளைந்துவிடும். ஒரு கடல் கைவிடும் நாளில் மற்றொரு கடல் கைகொடுக்கிறது. இரண்டும் ஓய்ந்தபின் பனித்துளி மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. இப்படி ஓர் ஏற்பாட்டை எந்தப் பொறியாளரும் வகுத்துவிட முடியாது.

‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்பது நம் பழமொழி. பல நூறு அறுவடைகளைப் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது.

2021 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், டெல்டா முழுவதும் அடைமழை பெய்தது. அறுக்க வேண்டிய சம்பா தண்ணீரில் சாய்ந்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும். முற்றிய நெல் ஈரத்தில் படுத்தால் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: முளைக்க வேண்டும். கதிரிலிருந்தபடியே வெள்ளை முளை விட்டுவிடுகிறது. விதைக்கு அளித்த வரமே அறுவடைக்குச் சாபமாகி நிற்பதைப் பார்க்கச் சகிக்காது. அறுத்த நெல்லின் கதியும் அதே. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் வழக்கமாக எடுக்க மாட்டார்கள். சாலையில் பரப்புவதும், தார்ப்பாய் போட்டு மூடுவதும், மறுபடி பரப்புவதுமாக நாள் போகும். அப்படிச் சாலையோரத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “ஐப்பசில பெய்ய வேண்டியது தையில பெய்யுது தம்பி. நமக்குத்தான் வயசாச்சு, மாசம் மறக்கும். மழைக்குமா மறக்கும்?” என்றார். தெளித்த உளுந்தும் அந்தத் தண்ணீரிலேயே அழுகிப் போயிருந்தது அவருக்கு.

மழை மாதத்தை மறப்பதற்கும் அந்தப் பத்தாயிரத்தில் நான்குக்கும் உள்ள தொடர்பு எளிமையானது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். தாங்கும் திறன் கூடியதால் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அதிகம் உறிஞ்சுகிறது. பெய்யாத நாளில் வறட்சி கடுமையாகிறது. பெய்யும் நாளில் சுமந்ததை எல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது. சூடேறிய கடல் புயலுக்குத் தீனி போடுகிறது. வறட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று எதிர் என்று எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ஒரே தலைமுறையில், ஒரே சீமையில் இரண்டையும் பார்த்துவிட்டோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. டெல்டாவில் விதைத்தது பல இடங்களில் முளைத்த நிலையிலேயே கருகிற்று. இரண்டே ஆண்டில், 2018 ஆகஸ்டில், குடகில் மலை சரியும்படி பெய்து, மேட்டூர் நிரம்பி, கொள்ளிடம் கரை கொள்ளாமல் ஓடியது. அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. 2022 நவம்பரில் ஒரே நாளில் சீர்காழியில் மட்டும் 44 சென்டிமீட்டர் மழை. மேட்டூரோ 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் திறக்கப்படவே இல்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறக்க வேண்டியதாயிற்று. எந்த ஒரு புயலையும் காட்டி இது கரிப்புகையால் வந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மேட்டூர்க் கணக்கில் கர்நாடகத்தோடு உள்ள பங்கீட்டுத் தகராறும் சேர்ந்திருக்கிறது. ஆனால் இத்தனை ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபின்பும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கிறது என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

கடற்கரைப் பக்கம் நடப்பதை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வெப்பத்தில் கடல்நீர் விரிகிறது, துருவப் பனியும் உருகிச் சேர்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலோ அணைகளிலேயே தங்கிவிடுகிறது. கடைமடையில் கிணறு உப்புக் கரிக்கிறது. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு மட்டும் உப்பிலும் சேற்றிலும் வேரை ஊன்றிக்கொண்டு, புயலின் முதல் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது.

காற்றில் கூடுதலாகச் சேர்ந்த கரி இதற்கு முன் எங்கே இருந்தது? மண்ணுக்கு அடியில். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நின்ற காடுகள் வெயிலையும் காற்றையும் தின்று வளர்ந்து, சதுப்பில் விழுந்து, மண் மூடி, நிலக்கரியாகிப் புதைந்தன. அப்படிப் புதைத்து வைத்ததும் படியளப்பவன் வகுத்த அளவின் ஒரு பகுதிதான். நாம் தோண்டி எடுத்து இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குள் எரித்துக் காற்றுக்கே திருப்பி விட்டோம். இது எங்கோ தொலைவில் நடந்த காரியமும் இல்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் படிவங்கள் டெல்டா வரை வருகின்றன. ஒரத்தநாட்டுப் பக்கம் வடசேரி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே, அரியலூர்ப் பக்கம் மைக்கேல்பட்டி என்று மூன்று பகுதிகள் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் வந்தபோது, 2023 ஏப்ரலில் எழுந்த எதிர்ப்பில் மத்திய அரசு அவற்றை நீக்கியது. அதற்கு முன்பே 2020இல் தமிழக அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியிருந்தது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்து, 2013 டிசம்பர் 30இல் அந்தப் பயணத்தின் நடுவிலேயே கண்ணை மூடினார்.

மீத்தேன் என்றதும் நெல்லின் வேருக்கு வர வேண்டியிருக்கிறது. சேற்றில் நிற்கும் ஒரு நெல் தூரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். நல்ல பயிரின் வேர் துருப் பிடித்தாற்போல் செம்பழுப்பாக இருக்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது. வேறு செடியாக இருந்தால் மூச்சு முட்டிச் செத்திருக்கும். நெல்லுக்கு இலையிலிருந்து தண்டு வழியாக வேர் நுனி வரை உள்ளே காற்றுக் குழல்கள் ஓடுகின்றன. மேலே வாங்கிய ஆக்சிஜனை அது வேருக்கு இறக்குகிறது. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் மண்ணில் உள்ள இரும்போடு சேர்ந்து துருவாகி வேரைப் போர்த்தி நிற்கிறது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு மூச்சுவிடும் வித்தை. அதே சேற்றில் ஆக்சிஜனே வேண்டாத நுண்ணுயிர்கள் மக்கும் தாளையும் வேரையும் தின்று மீத்தேனை விடுகின்றன. நடவு வயலில் கால் வைத்தால் குமிழ் குமிழாக வருகிறதே, அதில் மீத்தேனும் உண்டு. ஆனால் பெரும்பகுதி அந்தக் காற்றுக் குழல் வழியாகவே மேலேறிப் போகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு வெப்பத்தைத் தடுக்கக்கூடியது. மனிதர் செயலால் உலகில் வெளியாகும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்கு வரை நெல் வயல்களிலிருந்து வருகிறது.

இதைச் சொல்லி உழவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். மீத்தேன் காற்றில் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடும்; நிலக்கரிப் புகையில் ஒரு பங்கு பல நூறாண்டுகள் தங்கும். உலகுக்குச் சோறு போட்டு வெளியாவதையும், சொகுசுக்கு எரித்து வெளியாவதையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. அதே சமயம், குறைக்கும் வழி நம் கையிலேயே இருக்கும்போது அதை விடுவதும் சரியில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது நம்மவர்களுக்குப் புதிதா? ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் பதித்து, உள்ளே தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியபின் அடுத்த தண்ணீர் விட்டால் போதும். சேற்றில் காற்றுப் புகும். அந்த நுண்ணுயிர்கள் ஓயும். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காய விடக் கூடாது. தலைமடையில் மிச்சமாவது கடைமடைக்குப் போய்ச் சேரும் என்பதால் இதில் இரட்டைப் புண்ணியம்.

மாறிய மழைக்கு ஈடு கொடுக்கும் குணமும் நெல்லுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரில் மூழ்கிய சாதாரண நெல், மூச்சுக்காக மேலே எழும்பப் பார்த்துச் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் தீர்த்துக்கொண்டு சாகும். ஒடிசாவின் பழைய நெல் இனம் ஒன்று அப்படி அவசரப்படுவதில்லை. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் செலவழிக்காமல் இரண்டு வாரம் வரை காத்திருந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அந்தக் குணத்துக்குரிய மரபணுவை 2006இல் கண்டறிந்தார்கள். அதை நம் சி.ஆர். 1009 ரகத்தில் சேர்த்து உண்டாக்கிய சி.ஆர். 1009 சப்-1 இன்று டெல்டாவின் பள்ளக்கால் வயல்களில் நிற்கிறது. நம் காட்டுயானத்தின் வழி வேறு. வெள்ளத்துக்கு மேலே தலையைத் தூக்கி ஆளுயரத்தைத் தாண்டி எழும். ஒன்று பொறுத்திருந்து பிழைக்கிறது, மற்றொன்று நிமிர்ந்து பிழைக்கிறது. இரண்டையும் படியளப்பவன் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறான்.

1922 முதல் ஆடுதுறையில் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் இந்தச் சீமைக்கென்று ரகம் ரகமாகக் கொடுத்து வருகிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் வேறொரு வழியில் போனார். காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று மறைந்துகொண்டிருந்த பாரம்பரிய ரகங்களை நூற்று எழுபதுக்கு மேல் தேடிச் சேர்த்துவிட்டு, 2018 டிசம்பரில் காலமானார். அவர் தொடங்கி வைத்த நெல் திருவிழாவில் உழவர்களுக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார்கள். வாங்கிப் போனவர் அதை விதைத்து, அறுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது அடுத்த இரண்டு உழவர்களுக்குப் போகும்.